மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் நடுவில்: அரேஞ்சர் என்பவர் யார்?

பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு பாட்டு பாதி வேலையை முடித்துவிடுகிறது. கிட்டாரில் ஒரு மீட்டல், அதன் அடியில் நழுவி வரும் பேஸ் கிட்டார், சட்டென்று எல்லாம் அடங்கி ஒரே ஒரு தாளத் தட்டு. அந்தப் பத்துப் பதினைந்து விநாடியிலேயே இது கல்யாணப் பாட்டா, காதல் தோல்வியா, திருவிழாவா என்று நமக்குத் தெரிந்துவிடும். அதை யார் முடிவு செய்தார் என்று கேட்டால் இசையமைப்பாளர் என்று சொல்லிவிடுவோம். சில பாடல்களில் அது உண்மை. பல பாடல்களில் அந்த முடிவை எடுத்தவர் வேறொருவர். அவரைத்தான் அரேஞ்சர் என்கிறார்கள்.

கோலாலம்பூரில் ராக் குழுவில் வாசிக்கும் தமிழ் இளைஞர்கள் பலருக்கு, மேடைக்குப் பிறகு என்ன என்ற கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். அதற்குள்ள நல்ல பதில்களில் ஒன்று இந்த வேலை. ஆகவே அடிப்படையிலிருந்தே பார்ப்போம்.

மெட்டு என்பது பாடகர் பாடுகிற வரி. குளிக்கும்போது நாம் முணுமுணுப்பது. அதைத் தவிர பாட்டில் கேட்கும் எல்லாமே இசைக்கோர்ப்பு. எந்தச் சுருதியில் பாடுவது, என்ன வேகம், எந்த வாத்தியங்கள், எது எப்போது நுழையும், எது எப்போது வாயை மூடிக்கொள்ளும், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே என்ன நடக்கும், பாட்டு எப்படி முடியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். பீட்டில்ஸ் குழு 1966இல் வெளியிட்ட ‘எலனார் ரிக்பி’ பாடலில் குழுவினர் நால்வரில் ஒருவர்கூட வாத்தியம் வாசிக்கவில்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். அந்த எட்டுப் பேருக்கும் எழுதிக் கொடுத்தவர் ஜார்ஜ் மார்ட்டின். மெட்டு அவருடையது அல்ல. ஆனால் வெட்டி வெட்டிப் பாயும் அந்த வில்லோசையை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டின் முகமே மாறிவிடும். ராக் குழு என்றால் கிட்டாரும் டிரம்ஸும் இருந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை கேட்டுவிட்டு வரலாம்.

தமிழ் ரசிகர்களிடம் அரேஞ்சர் என்ற பெயர் அதிகம் புழங்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியைத் தன் கையாலேயே எழுதித் தரும் இளையராஜாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இசையமைப்பாளர் என்றால் எல்லாமே அவர்தான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. பம்பாயில் நிலைமை வேறு. சங்கர்-ஜெய்கிஷன் இரட்டையரின் பாடல்களில் கேட்கும் வயலின் அலைகளுக்குப் பின்னால் கோவாவைச் சேர்ந்த செபாஸ்டியன் டிசூசா இருந்தார். மலையாளத் திரையிசையில் அரேஞ்சராகவும் இசை நடத்துநராகவும் உழைத்தவர் ஆர்.கே. சேகர். அவருடைய மகன் ஏ.ஆர். ரஹ்மான் என்று சொன்னால்தான் இன்று பலருக்கும் அவரைத் தெரிகிறது. இந்தத் தொழிலின் தலையெழுத்து அப்படி.

இனி வேலைக்குள் நுழைவோம். ஒரு பொங்கல் பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டு கைப்பேசியில் பதிவாகி வந்திருக்கிறது. பாடப்போவது ஒரு பெண். நாதஸ்வரம் வேண்டும், உறுமி வேண்டும், அதோடு மின்கிட்டாரும் அதிர வேண்டும் என்கிறார் பணம் போடுகிறவர். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் சிக்கல் சுருதி. நம் சுருதிக் கணக்கில் பாடகிக்கு ஐந்து கட்டை சௌகரியம் என்று வைப்போம்; மேற்கத்திய கணக்கில் அது ஜி. நாதஸ்வரமோ பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரைக் கட்டைக்குச் செய்யப்பட்டிருக்கும். அதாவது டி அல்லது டி ஷார்ப். கீபோர்டைப் போல ஒரு பொத்தானை அழுத்தி நாதஸ்வரத்தின் சுருதியை மாற்ற முடியாது. அது மரம், துளை போட்ட இடத்தில்தான் போட்டிருக்கிறது. அனுபவமுள்ள அரேஞ்சர் இங்கே ஒரு கணக்குப் போடுவார். இரண்டு கட்டையின் மத்யமம், அதாவது ஸ ரி க ம-வில் வரும் ம, ஐந்து கட்டை. ஆகவே இரண்டு கட்டை நாதஸ்வரத்தில் மத்யமத்தையே ஷட்ஜமாக, அதாவது ஸ-வாக, வைத்து வாசித்தால் பாடகியின் சுருதிக்கு வந்துவிடலாம். ஆனால் எல்லா ராகத்தையும் அப்படி மத்யம சுருதியில் வாசிக்க எல்லா வித்வான்களுக்கும் கை பழகியிருக்காது. காற்றின் அழுத்தத்தை மாற்றி எழுப்புகிற ஸ்வரங்கள் இடம் மாறிவிடும். அதனால் சுருதியை முடிவு செய்வதற்கு முன்பே வித்வானைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அண்ணே, இந்த ராகத்தை மத்யம சுருதியில் வாசிப்பீர்களா?” என்று கேட்டுவிடுவது நல்லது. எல்லாவற்றையும் பதிவு செய்த பிறகு கேட்டால், அவர் சிரித்துவிட்டு ஒரு பெரிய தொகை சொல்லுவார்.

மின்கிட்டார் இங்கே எதிர்பாராத துணையாக வருகிறது. வன்மையான ராக் வாசிப்பவர்கள் பலரும் கிட்டாரின் தடித்த தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கி வைத்துக்கொள்வார்கள். அது நேராக நம் இரண்டு கட்டை. எல்லாத் தந்திகளையும் அரைச் சுரம் இறக்கினால், அதுவும் ராக் கிட்டாரிஸ்டுகளின் பழைய வழக்கம்தான், தடித்த தந்தி இரண்டரைக் கட்டையில் வந்து நிற்கும். நாதஸ்வரமும் ராக் கிட்டாரும் யாரும் திட்டமிடாமல் ஒரே ஆதார சுருதியில் சந்தித்துக்கொள்கின்றன. பாடகியின் குரல் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் பாட்டை அந்தச் சுருதியிலேயே வைத்துவிடலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. ஒலியைச் சிதைத்து உறும வைக்கும் டிஸ்டார்ஷனைப் போட்டுவிட்டு முழு கார்டு, அதாவது பல சுரங்களை ஒருசேர, வாசித்தால், நடுவிலிருக்கும் காந்தாரம் (க) மற்ற சுரங்களோடு மோதிக் கலங்கிவிடும். அதனால் ராக் கிட்டாரிஸ்டுகள் ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் வாசிக்கிறார்கள். பவர் கார்டு என்பது அதுதான். ஸ, ப. நம் தம்புராவும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. காந்தாரத்தை கிட்டார் தொடாததால், நாதஸ்வரம் அதைக் கமகத்தோடு எப்படி வேண்டுமானாலும் அசைக்கலாம். யாரும் அதன் காலை மிதிக்க மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஹிந்தோளம் போன்ற பஞ்சமம் இல்லாத ராகத்தில் பவர் கார்டு போட்டால் ராகம் செத்துவிடும். தம்புராவில் பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு மாற்றுவதுபோல கிட்டாரும் ஸ, ம என்று மாற வேண்டும். கிட்டாரும் தெரிந்து ராகமும் தெரிந்த ஒருவருக்கு கோலாலம்பூரில் வேலை இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அடுத்தது கீழ்த்தளம். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. டிரம்ஸில் காலால் மிதிக்கும் கிக்கின் பலமும் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். வளைந்த குச்சியால் உரசும்போது உறுமி விம்முகிறதே, அந்த ஒலியும் அதே பக்கத்துக்கு இறங்குகிறது. ஒரே வாசலில் மூன்று பேர் ஒரே நேரத்தில் நுழையப் பார்த்தால் யாரும் உள்ளே போக முடியாது. தைப்பூசத்தன்று பத்துமலையிலோ பினாங்குத் தண்ணீர்மலையிலோ உறுமி மேளம் நெஞ்சை அதிர வைப்பதற்கு ஒரு காரணம், அங்கே அதற்குப் போட்டியாகப் பேஸ் கிட்டார் இல்லை. ஸ்டூடியோவில் இருக்கிறது. சரி செய்ய ஒலிப்பொறியாளர் இருக்கிறாரே என்று விட்டுவிடுவது சோம்பேறித்தனம். உறுமி விம்மும் இடங்களில் பேஸை நிறுத்திவிடலாம். அல்லது பேஸை நீண்ட ஒரே சுரமாக இழுக்கவிட்டுக் கிக்கைக் குறைக்கலாம். எழுதும்போதே செய்தால் இது ஐந்து நிமிட வேலை.

ராக் மேடையிலிருந்து வருகிறவர்கள் மிகவும் திணறுவது இங்கேதான். மேடையில் கூட்டத்தின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். அதனால் நால்வரும் எப்போதும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்டூடியோவில் அப்படி வாசித்தால் மூன்றாவது நிமிடத்தில் காது சலித்துவிடும். முதல் சரணத்தில் கிட்டாரே வேண்டாம் என்று ஒரு கிட்டாரிஸ்ட் தானாகச் சொல்லுகிற நாளில் அவர் பாதி அரேஞ்சர் ஆகிவிட்டார். இந்தத் தொழிலில் எனக்குப் பெரியதாகப் படுவது அதுதான்: என்ன வாசிப்பது என்பதைவிட எங்கே வாசிக்காமல் இருப்பது என்று முடிவெடுக்கும் துணிவு. மெத்தப் படித்த சிலருக்கும் அது வருவதில்லை. படித்தது எல்லாவற்றையும் ஒரே பாட்டில் காட்டிவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

அதே சமயம், குழுவில் வாசித்த அனுபவத்துக்கு ஈடான பள்ளிக்கூடம் கிடையாது. இரண்டு ஊர்களில் நடந்ததைப் பார்ப்போம்.

லண்டனில் ஜான் பால் ஜோன்ஸ் 1964 முதல் ஸ்டூடியோக்களில் பேஸ் வாசித்தார். பிறகு அரேஞ்சராகவும் ஆனார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘ஷீ இஸ் எ ரெயின்போ’ பாடலுக்கு 1967இல் தந்தி வாத்தியங்களை எழுதியவர் அவர். ஓயாத வேலையில் சலித்துப்போனவர் 1968இல் லெட் ஜெப்பலின் குழுவில் சேர்ந்தார். அங்கேயும் பழைய பாடம் கைகொடுத்தது. 1975இல் வந்த ‘காஷ்மீர்’ பாடலின் வாத்தியக் குழுப் பகுதியைக் கோர்த்தவர் அவர்தான். குழு கலைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1992இல் ஆர்.இ.எம். குழுவின் ஆல்பத்துக்குத் தந்தி வாத்தியங்களை எழுத மறுபடியும் அழைப்பு வந்தது. ஸ்டூடியோ, மேடை, திரும்பவும் ஸ்டூடியோ. ராக் நட்சத்திரம் என்ற பட்டம் இருந்தபோதும் தாளில் எழுதும் வேலையை அவர் விடவில்லை.

சென்னையில் இளையராஜா, 1976இல் தன் முதல் படம் வருவதற்கு முன், மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ரஹ்மான் இளம் வயதில் நண்பர்களோடு நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை நடத்தினார். பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தார். விளம்பரங்களுக்கு இசை செய்தார். வீட்டோடு ஒரு ஸ்டூடியோ கட்டிக்கொண்டார். 1992இல் ‘ரோஜா’ வந்தபோது நாடு அவரைப் புதியவர் என்றது. அவரோ அதற்கு முன்பே பல்லாண்டுகளாக ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நம் மண்ணிலும் பாதை உண்டு. 1961இல் வானொலிக்கென்று ஒரு வாத்தியக் குழு உருவாகி, அல்போன்சோ சொலியானோ அதன் முதல் நடத்துநரானார். அந்தக் குழுவுக்குப் புதிய இசைத்தாள்கள் தேவைப்பட்டன, எழுதுகிறவர்களும் தேவைப்பட்டார்கள். பினாங்கிலிருந்து புறப்பட்ட அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் ஹாங்காங்கில் மேடை ஏறி, பிறகு மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் வீட்டுக்கு வீடு போனார்கள். இரவு முழுவதும் பலவகைப் பாடல்களை வாசிக்கிற குழுவில், பத்துப் பேர் வாசித்த பாட்டை ஐந்து பேரை வைத்து ஒப்பேற்ற யாராவது ஒருவர் வழி கண்டுபிடிக்க வேண்டும். அந்த ஒருவர் தனக்குத் தெரியாமலேயே அரேஞ்சர் ஆகிக்கொண்டிருக்கிறார். இன்று செந்தூலிலும் கிள்ளானிலும் திருமண மேடைகளில் வாசிக்கும் குழுக்களிலும் அப்படி ஒருவர் இருப்பார். கவனித்துப் பாருங்கள்: ஒத்திகையில் குறைவாக வாசித்து அதிகமாகக் கைகாட்டுகிறவர்.

முறையாகப் படிக்க விரும்பினால் செராஸில் யுசிஎஸ்ஐ, ஷா ஆலாமில் யுஐடிஎம், தலைநகரில் அஸ்வாரா என்று இடங்கள் இருக்கின்றன. கர்நாடக இசையையும் மேற்கத்திய வாத்தியங்களையும் ஒரே மேடையில் கேட்க பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸின் நாட்டிய நாடகங்களுக்குப் போகலாம். பட்டம் இல்லாவிட்டால் வேலை கிடைக்காது என்பதெல்லாம் இல்லை. ஆனால் எழுதவும் படிக்கவும் தெரியாவிட்டால் ஒரு கட்டத்தில் முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

ஏனென்றால் இந்த ஊரில் ஒரே பாட்டுக்கு மூன்று விதமான தாள் எழுத வேண்டியிருக்கும். செல்லோ வாசிக்க வரும் சீனப் பெண்ணுக்கு ஐந்து கோட்டு இசைக்குறிப்பு. பேஸ் வாசிக்கும் மலாய் நண்பருக்குக் கார்டுகளின் பெயரும் கோடுகளும் போதும். மீதியை அவர் கை பார்த்துக்கொள்ளும். நாதஸ்வர வித்வானுக்கு ஸ ரி க ம. டிரம்பெட் வந்தால் இன்னொரு தொல்லை: அது ஒலிப்பதைவிட ஒரு முழுச் சுரம் மேலே எழுத வேண்டும். சி கேட்க வேண்டுமானால் டி எழுத வேண்டும். ஆல்டோ சாக்ஸபோனுக்கு அதே சி கேட்க ஏ எழுத வேண்டும். இதை மறந்து தாளைக் கொடுத்துவிட்டால், கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோவில் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நேரக் கணக்கும் தாளிலேயே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில், எட்டுத் தட்டு ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு சுற்று, இடையிசை என்றால் 32 தட்டு. சரியாக 20 விநாடி. வானொலிக்கு மூன்றரை நிமிடத்தில் பாட்டு வேண்டும் என்பவரிடம் பேசும்போது இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவு நாளில் வழக்கமாக முதலில் வேகத்தைக் காட்டும் கிளிக் ஒலி, பிறகு வழிகாட்டியாக ஒருவரின் குரல், அதன்மேல் டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று ஏறும். இன்று இவற்றில் பலவற்றைக் கணினியிலேயே செய்துவிடுகிறார்கள். ஓரிரு வாத்தியங்களை மட்டும் நேரில் வாசிக்க அழைக்கிறார்கள். நாதஸ்வரம் இருந்தால் இந்த வரிசையை அப்படியே பின்பற்றாதீர்கள். கணினி பொதுவாக ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவில் சுருதி பிடித்து நிற்கும்; நாதஸ்வரம் அந்த அளவுக்குக் கட்டுப்பட்டது அல்ல, கொஞ்சம் மேலேயோ கீழேயோ நிற்கலாம். வேறு எதையும் பதிவு செய்வதற்கு முன் வித்வானை ஒரு ஷட்ஜம் ஊதச் சொல்லி அளந்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தச் சுருதிக்கு நகர்த்த வேண்டும். ஒருவரை நகர்த்துவதைவிட ஒரு கணினியை நகர்த்துவது எளிது.

கடைசியாகக் காசு. அரேஞ்சருக்குப் பெரும்பாலும் ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தடவைக் கட்டணம்தான். பாட்டு பத்து வருடம் வானொலியில் ஒலித்தாலும் மறுபடி கை நனையாது. மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஏற்கெனவே உள்ள படைப்பிலிருந்து செய்யப்படும் இசைக்கோர்ப்பையும் தனிப் படைப்பாகப் பாதுகாக்கிறது. ஆனால் பிறருடைய பாடலைக் கோர்ப்பதற்கு அந்தப் பாடலின் உரிமையாளர் அனுமதி தர வேண்டும். வருமானத்தில் பங்கு வேண்டுமானால் அதற்கும் அவர் இசைய வேண்டும். ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே மூன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், உங்கள் பெயர் எங்கே வரும். நண்பர்தானே என்று விட்டுவிட்டால் நட்பும் போகும், பெயரும் போகும். மூன்றில் திருத்தத்தைத்தான் பலரும் மறக்கிறார்கள். “இன்னும் கொஞ்சம் உணர்ச்சி வேண்டும்” என்று ஒருவர் ஏழாம் முறை சொல்லும்போது அந்தத் தாளின் அருமை தெரியும்.

தொடங்க என்ன வேண்டும்? பிடித்த ஒரு பாட்டு, நல்ல காதுக்கருவி. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர வேண்டும். பேஸ் எங்கே நுழைகிறது, எங்கே காணாமல் போகிறது என்று நிமிட, விநாடிக் கணக்கோடு ஒரு தாளில் குறியுங்கள். அந்தத் தாளில் உள்ள வெற்றிடங்கள்தான் முதல் பாடம். அதன் பிறகு அதே பாட்டை ஒரு கிட்டார், ஒரு மிருதங்கம், ஒரு குரல் என்று மூன்று பேருக்கு எழுதிப் பாருங்கள். கணினி வேண்டாம், காகிதமே போதும். முதல் இடையிசைக்கு வந்ததும் கை தானாகக் கீபோர்டைத் தேடும். அதைச் சேர்க்காமல் அந்த 20 விநாடியைக் கடக்க வேண்டும்.